அத்தைக்கு வைத்த பப்பாளி

என் அத்தையை வாயில்லாப் பூச்சி என்று சொன்னவர்கள் யாரும் அவர் வேலை செய்யும் பிளாஸ்டிக் டப்பா ஃபேக்டரிப் பக்கம் போனதில்லை. அங்கே மூடிகளைச் சோதிப்பது அவர் வேலை. டப்பாவில் தண்ணீர் ஊற்றி, மூடியைச் சுற்றிலும் அழுத்தி, தலைகீழாகக் கவிழ்த்துப் பிடிப்பார். ஒரு சொட்டு கசிந்தாலும் அந்த டப்பா கழிவுக் கூடைக்குப் போகும். சூப்பர்வைசர் வந்து, "கொஞ்சம் பாத்து விடுங்கம்மா, ஆர்டர் நிக்குது" என்று கெஞ்சினால், "உங்க வீட்டுக்கு வேணும்னா எடுத்துட்டுப் போங்க சார். கடைக்கு அனுப்ப மாட்டேன்" என்பார். மெஷின் சத்தத்தையும் மீறி அந்தக் குரல் கேட்கும். அவருக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோன நாளில் என் காதால் கேட்டேன்.

அந்தக் குரல் எங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது எங்கே போய் ஒளிந்துகொள்ளும் என்பதுதான் எனக்குப் புரிந்ததே இல்லை. அப்பாவுக்கு ஒரே தங்கை. பெண் பார்க்க வந்தவர்கள் வேலையை விடச் சொன்னார்கள். அத்தை மாப்பிள்ளையை விட்டுவிட்டார். அன்றிலிருந்து எங்களோடுதான் இருக்கிறார். அண்ணன் வீட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறோம் என்ற நினைப்பு மனுஷியை எப்படிக் குனிய வைக்கும் என்று பார்க்க வேண்டுமானால், எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு பப்பாளி வெட்டும் வேளையில் உட்கார்ந்தாலே போதும்.

பழத்தை வாங்கி வருவதும் அத்தை, வெட்டுவதும் அத்தை. கத்தியில் ஈரம் இருந்தால் பழம் சீக்கிரம் கொழகொழத்துவிடும் என்று துடைத்துத் துடைத்து வெட்டுவார். தட்டு முதலில் அப்பாவுக்கு, பிறகு தம்பிக்கு, எனக்கு, கடைசியாக அம்மாவுக்கு. மிச்சம் ஃபிரிட்ஜுக்கு. அங்கேதான் அம்மாவின் சட்டம் ஆரம்பிக்கும். ஃபிரிட்ஜுக்குள் எதையும் மூடி வைக்கக் கூடாது. மூடினால் குளிர் உள்ளே போகாதாம். மூடி சோதித்துச் சம்பளம் வாங்கும் ஆள் இருக்கிற வீட்டில் இப்படி ஒரு சட்டம்! பாதி வெங்காயத்துக்குப் பக்கத்தில், திறந்த தட்டில், பப்பாளி வெறும் மேனியாகக் கிடக்கும். மறுநாள் பார்த்தால் மேலே தோல் போலக் காய்ந்து, அடியில் தண்ணீர் விட்டு, வெங்காய நாற்றம் ஏறியிருக்கும். யாரும் தொட மாட்டார்கள். "அத்தை சாப்பிட்டுக்குவாங்க." எங்கள் வீட்டில் இது வேதவாக்கு. அத்தையும் அதில் உப்பைத் தூவி, சமையலறையில் நின்றபடியே சாப்பிட்டு முடிப்பார்.

ஒரு சனிக்கிழமை அம்மாவின் தோழி வந்திருந்தார். ஃபிரிட்ஜைத் திறந்தவர், "ஐயோ, பழத்த இப்படியா போட்டு வைப்பாங்க? காஞ்சு போயிடாது?" என்றார்.

"காஞ்சா காயட்டும்," என்றாள் அம்மா. "எப்படி இருந்தாலும் திங்கறதுக்கு இங்க ஒரு ஆள் இருக்கே!"

இருவரும் சிரித்தார்கள். அத்தை அப்போது வாசற்படியில் நின்றிருந்தார், கையில் புதுப் பப்பாளியோடு. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

அன்று சாயங்காலம் பழத்தை வெட்டியதும் தட்டு அப்பாவிடம் போகவில்லை. அத்தை தன் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். அடியில் காகிதத் துண்டை மடித்து விரித்து, நடுப்பகுதியிலிருந்து நல்ல துண்டுகளாகப் பொறுக்கி அடுக்கி, நான்கு பக்கமும் மூடியை அழுத்தி, வெங்காயத்துக்கு எட்டாத மேல்தட்டில் வைத்தார். "இது என்னோடது," என்றார். மீதிதான் எங்களுக்கு வந்தது. தின்றது போக மிஞ்சியதை அம்மா வழக்கம்போலத் திறந்த தட்டில் வைத்தாள்.

மறுநாள் அப்பா ஃபிரிட்ஜைத் திறந்தார். தட்டைப் பார்த்து மூக்கைச் சுளித்தார். டப்பாவில் பழம் இப்போதுதான் வெட்டியதுபோல மினுமினுத்தது. மூடியில் கை வைத்தார்.

"அண்ணா, அது எனக்கு."

அப்பா திரும்பினார். "இந்த வீட்டுல எனக்கு உனக்குன்னு எப்பலேர்ந்து வந்துச்சு?"

"நேத்துலேர்ந்து."

"பிரிச்சுத் திங்கற பழக்கமெல்லாம் இங்க ஆகாது. ஒண்ணு டப்பா வெளிய போகணும், இல்ல நீ போகணும்."

அத்தைக்குப் போக வேறு வீடு கிடையாது. அது அப்பாவுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை எழுந்துவிட்டார்.

"சரிண்ணா. இனிமே எனக்கு உனக்குன்னு வேண்டாம்."

டப்பாவை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தார், திறக்காமல். திறந்த தட்டையும் எடுத்தார். ஆளுக்கொரு கிண்ணம் போட்டு, காய்ந்து கறுத்த பப்பாளியைச் சரிசமமாகப் பங்கு வைத்தார். அப்பா, அம்மா, தம்பி, நான், தனக்கு ஒன்று. பாரபட்சமே இல்லை. "எல்லாருக்கும் ஒண்ணுதான். சாப்பிடுங்க."

அப்பாவின் வீம்பு ஊரறிந்தது. ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு மென்றார். இரண்டாம் மெல்லில் முகம் கோணியது.

"இது கெட்டுப் போச்சு!"

"கெடலண்ணா," என்றார் அத்தை. ஃபேக்டரிக் குரல். எங்கள் வீட்டுச் சுவர்கள் அதைக் கேட்பது அதுதான் முதல் தடவை. "எனக்குன்னு வெச்சா இப்படித்தான் இருக்கும். இத்தனை வருஷமா இதான் தின்னேன், ஒரு வார்த்தை சொன்னேனா? வீட்ட விட்டுப் போன்னு சொன்னீங்கல்ல? போறேன். மொதல்ல அத முழுங்கிட்டு, இன்னொரு தடவ சொல்லுங்க."

அம்மா தன் கிண்ணத்தைத் தொடவே இல்லை, தலையும் நிமிரவில்லை. தம்பி அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா துப்ப இடம் தேடினார். துப்பினால் தோற்றது தெரிந்துவிடும். கண்ணில் நீர் முட்ட விழுங்கினார். செம்புத் தண்ணீர் முழுவதையும் குடித்தார். அந்தச் சொல்லை அவரால் இன்னொரு தடவை சொல்ல முடியவில்லை.

"டப்பாவ உள்ள வை," என்றாள் அம்மா கடைசியில், கிண்ணத்தைப் பார்த்தபடியே. "வெளிய இருந்தா வீணாயிடும்."

அத்தை நாற்காலியை இழுத்துப்போட்டு, எங்களோடு மேசையில் உட்கார்ந்தார். டப்பாவைத் திறந்து ஒரு துண்டை எடுத்து, அவசரமே இல்லாமல் மென்று தின்றார். பிறகு இன்னொன்று. அதற்கப்புறம் டப்பாவை அம்மா பக்கம் நகர்த்தினார்.

"எடுத்துக்குங்க அண்ணி. நான் சாப்பிட்டாச்சு."