பூலோகத்தின் உள்ளங்கால்

பூலோகத்தின் உள்ளங்காலில் யாரும் கை வைக்கக்கூடாது. தாராவியில் அவர் குடியிருந்த சந்துக்கே அது தெரியும். குர்லா பட்டறையில், எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றுவது அவர் வேலை. கரண்ட் அடித்தால் முகம் சுளிக்கமாட்டார். பாதத்தில் விரல் பட்டால் துள்ளிவிடுவார். பிறகு கண்ணில் நீர் வரும்வரை சிரிப்பார். மகள் மாரிசெல்வியின் கல்யாணத்தில் மாப்பிள்ளை சுரேந்திரன் காலில் விழுந்து பாதத்தைத் தொட, அவர் துள்ளிய துள்ளலில் அட்சதைத் தட்டு எகிறியது.

"ஆசீர்வாதம் பண்ணச் சொன்னா டான்ஸ் ஆடுதாவ," என்றாள் மனைவி மீனாட்சியம்மாள். மண்டபமே சிரித்தது.

மாரிசெல்வி செம்பூரில் ஒரு கிளினிக்கில் நரம்புப் பரிசோதனை டெக்னீஷியன். நோயாளியின் காலில் சிறிய மின்சாரம் கொடுத்து, நரம்பு அதை எந்த வேகத்தில் கடத்துகிறது என்று அளப்பாள்.

"கரண்ட் அடிச்சுச் சம்பளம் வாங்குத ஒரே பொம்பள எம்மவதான்," என்று பட்டறையில் சொல்லிக்கொள்வார். ஒருமுறை அவரையே சோதிக்கக் கூப்பிட்டாள். கிளினிக் வாசலில் டீ குடித்தார். செருப்பைக் கழற்றாமல் திரும்பிப் போய்விட்டார்.

வியாழக்கிழமை பட்டறையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மூளையில் ரத்தக்கசிவு. சனிக்கிழமை, ஆஸ்பத்திரியில் இரண்டாம் முறை சோதித்த பிறகு, மூளை இறந்துவிட்டது என்றார்கள். மூச்சு மெஷினுடையது. இதயம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் அதிக நேரம் ஓடாது. டாக்டர் ரஞ்சனா சிறுநீரகங்களையும் கல்லீரலையும் தானமாகக் கேட்டார். மீனாட்சியம்மாள் சம்மதிக்க வேண்டும்.

அவள் கும்பிடக் குனிந்து பாதத்தைத் தொட்டாள். கால் வெடுக்கென்று மடங்கியது.

"ஏட்டி! பாத்தியா, இழுத்தாவ! உசுரோட இருக்க மனுசன அறுக்கக் கேக்காளே அந்த டாக்டரம்மா!"

மாரிசெல்விக்கு அது புதிதில்லை. தொட்ட இடத்தில் நரம்பு முனைக்குள் சோடியம் பாயும். அந்த மின்மாற்றம் நரம்பு நெடுக அலையாக ஓடித் தண்டுவடத்துக்குள் போகும். அங்கே அந்த நரம்பு முடிந்துவிடும். அடுத்த நரம்புக்கும் அதற்கும் நடுவே மயிரிழையைவிடப் பல மடங்கு மெல்லிய இடைவெளி. மின்சாரம் அதைத் தாண்டாது. முனையிலுள்ள நுண்பைகள் திறந்து ரசாயனத்தைக் கொட்டும். எதிர்க்கரை நரம்பு அதை வாங்கி மறுபடி மின்சாரமாக்கும். ஓரிரு கைமாற்றத்தில் உத்தரவு கால் தசைக்குத் திரும்பிவிடும். ரத்தம் ஓடுகிறவரை இது நடக்கும்.

"யம்மா, தொட்ட சேதி முதுகு வரைக்குந்தான் போவுது. அங்கனயே 'இழு'ன்னு உத்தரவாயிரும். தலையக் கேக்காது." நோயாளிகளிடம் பேசும் அதே குரலில் சொன்னாள்.

"அப்ப இத்தன வருசம் கூசுனது அவியளுக்கே தெரியாதாக்கும்? கிறுக்கி மாதிரி பேசாத."

"தெரியும்மா. அப்ப சேதி மேலயும் போச்சு. கால் மொதல்ல இழுத்துரும். தலைக்குப் போய்ச் சேந்த பொறவுதான் சிரிப்பு வரும்."

மீனாட்சியம்மாள் கணவன் முகத்தைப் பார்த்தபடியே அவர் உள்ளங்காலில் நகத்தால் ஒரு கோடு இழுத்தாள். கால் மடங்கியது. காத்திருந்தாள். வாயில் குழாய், கன்னத்தில் பிளாஸ்டர். மறுபடி இழுத்தாள். மறுபடி மடங்கியது. கண்ணோரம்கூடச் சுருங்கவில்லை.

"சிரிக்கலியே," என்றாள்.

மீனாட்சியம்மாள் காலை நேராக நீட்டிவிட்டுப் போர்வையை இழுத்து மூடினாள். டாக்டரைக் கூப்பிடச் சொன்னாள். ரஞ்சனா வந்ததும், எத்தனை பேருக்கு என்று தன் இந்தியில் கேட்டாள்: "கித்னே லோகோங்கோ?"

"தீன்."

"மூணு பேரு," என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். மகள் பக்கம் திரும்பினாள். "ஆரு எவருன்னு சொல்லுவாவளா?"

"சொல்லமாட்டாவ."

"சரி. நல்லாருக்கட்டும்."

கையெழுத்துப் போட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள். மகளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீ எதுக்குக் கம்பம் மாதிரி நிக்க? காலையில இருந்து நின்னுக்கிட்டே இருக்க. உக்காருட்டி."

உட்கார்ந்த பிறகுதான் கால் வலிப்பது மாரிசெல்விக்குத் தெரிந்தது.