உப்பில்லாத சாம்பார்

தொம்மலூர் அலுவலகக் கேன்டீனில் இன்று சாம்பாரில் உப்பே இல்லை. யாரோ கோபமாகச் சமையல்காரரைக் கூப்பிட்டார்கள். எனக்கு இதே தொம்மலூரின் பழைய ஊர்ப்பக்கம் நாங்கள் குடியிருந்த வீடு ஞாபகத்துக்கு வந்தது.

அப்பாவை எடுத்த அன்று எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. சாவு வீட்டில் மூட்டக் கூடாது. எதிர்வீட்டு நூர்ஜஹான் அக்கா ரமலான் நோன்போடு எங்களுக்குச் சோறும் சாம்பாரும் ஆக்கிக் கொண்டுவந்தார். ஊதுபத்திப் புகை அடங்காத கூடத்தில் வெங்காய வாசம் பரவியது. அம்மா தட்டைத் தொடவில்லை. பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். அக்கா பேரீச்சம்பழத்தைக் கையிலேயே வைத்திருந்தார்.

"நோன்பு தொறங்கக்கா," என்றாள் அம்மா.

"நீ ஒரு வாய் சாப்பிடு. அப்புறம் தொறக்கறேன்."

அம்மா சாப்பிட்டாள்.

"உப்பு சரியா இருக்கா? நோன்புல ருசி பாக்கல."

"சரியா இருக்குக்கா."

பழத்தைத் தின்றுவிட்டு அக்காவும் அதே தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்தார். அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு இருவரும் சேர்ந்து அந்தத் தட்டைக் காலி செய்தார்கள்.

சமையல்காரர் என் மேஜையருகே வந்து நின்றார். "உப்பு கம்மியா சார்?"

"சரியா இருக்குங்க," என்றேன்.