செத்தவன் சொன்ன பொய்

மாட்டுப்பட்டிப் பக்கம் எங்கள் தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்தில், செத்தவர்கள் என் மனைவி பேச்சியின் மேல் வந்துதான் பேசுவார்கள். அவர்கள் சொன்னதை மாற்றிச் சொன்னால் அவள் நாக்கு இழுத்துக்கொள்ளும் என்பது எங்கள் நம்பிக்கை.

பாறையிலிருந்து விழுந்து செத்த முருகனை அழைத்தோம். "ஒன்னையத் தள்ளிவிட்டது ஒம் பொண்டாட்டிதானப்பா?" என்று அவன் அம்மா கேட்டாள். மருமகள் பேச்சியின் வாயையே பார்த்தாள். பேச்சி பல்லைக் கடித்து உடம்பை முறுக்கினாள். பிறகு முருகனின் குரலிலேயே, "யாரும் தள்ளல. நானாத்தான் வழுக்கி விழுந்தேன்" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும், முருகன் நிஜமாக என்ன சொன்னான் என்று பேச்சியிடம் கேட்டேன்.

"அவம் பொண்டாட்டி பேரத்தான் சொல்லச் சொன்னான். அன்னைக்குப் பூரா அவ எம் பக்கத்துலதான் கொழுந்து எடுத்தா. செத்தும் பொய் சொல்றான், அத நான் ஏன் சொல்லணும்?"

அந்த நாக்கு இழுத்துக்கொள்ளவில்லை. இன்றும் அதில் திட்டு வாங்கும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.