அவன் பூட்டின் சாவி

லிஃப்ட் கதவில் இடது காதை ஒட்டவைத்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பான். பெட்டியை மேலே அனுப்பச் சொல்லி விரலால் காட்டுவான். நான் பொத்தானை அழுத்துவேன். அது நாலு மாடி ஏறி இறங்குவதற்குள் நோய் இன்னதென்று சொல்லிவிடுவான். "இவளுக்கு முட்டிவலி மாப்ள. உருளை ஒண்ணு தேஞ்சிருக்கு." திறந்து பார்த்தால் உருளை தேய்ந்துதான் இருக்கும். அதனால் கம்பெனியில் அவனுக்குக் காதுக்காரன் என்று பெயர். எனக்குப் பெயர் கிடையாது. காதுக்காரன்கூட வர்றவர், அவ்வளவுதான்.

இருபத்தாறு வருஷம் ஜோடியாக லிஃப்ட் பழுதுபார்த்தோம். கோளாறைக் கண்டுபிடிப்பது அவன், முழங்கைவரை கிரீஸ் பூசிக்கொள்வது நான். ஒரு கட்டடத்தின் ஏழாம் மாடியில் ஒரு டீச்சரம்மா எங்களுக்கு டீ தருவார். அவனுக்குப் பீங்கான் கோப்பை, எனக்குக் காகிதக் குவளை. அவருக்குக் காலில் ஆணி இருப்பது அவனுக்குத் தெரியும், எந்தக் கால் என்பதுகூடத் தெரியும். போகட்டும், அவர் வேற்று மனிதர். என் வீட்டிலும் அதே கதைதான். ஃபிரிட்ஜை இந்தப் பக்கம் வைக்கலாம் என்று நான் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் ஒருநாள் வந்து அதையே சொன்னான். "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று என் மனைவி உடனே நகர்த்தச் சொன்னாள். நகர்த்தியதும் நான்தான். எனக்கு வயிறு எரிந்தது. இப்போது அதைச் சொல்ல வெட்கமில்லை. அப்போது பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

அவனிடம் குறை இல்லாமல் இல்லை. ஸ்பேனரை வாங்கினால் திருப்பித் தரமாட்டான். பாட வராது, ஆனால் பாடுவான். லிஃப்ட்காரன் குடியிருந்ததோ லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் நாலாம் மாடி. இரண்டாம் மாடிப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொள்வான். ஏன் இப்படி என்று கேட்டால், வீட்டிலும் வேலை பார்க்கச் சொல்கிறாயா என்பான்.

எல்லாவற்றையும்விட என்னைக் கடுப்பேற்றியது சாவி. எங்கள் தொழிலில் கண்டிப்பான விதி ஒன்று உண்டு. லிஃப்ட் குழிக்குள் இறங்குகிறவன் மெயின் சுவிட்சை அணைத்து அதன்மேல் தன் பூட்டைப் போட வேண்டும். சாவி அவன் பையில்தான் இருக்க வேண்டும். வெளியே நிற்பவன் ஏதோ ஞாபகத்தில் சுவிட்சைப் போட்டுவிட்டால் பெட்டி இறங்கி உள்ளே இருப்பவனை நசுக்கிவிடும். காதுக்காரன் பூட்டை ஒழுங்காகப் போடுவான். சாவியை மட்டும் என் கையில் திணித்துவிட்டு இறங்கிவிடுவான். "குனிஞ்சா விழுந்துருது, நீ வச்சுக்க." சுவரில் அடித்த ஆணி மாதிரி என்மேல் மாட்டிவிட்டுப் போகிறானே என்று பொருமுவேன். என் முறை வரும்போது என் சாவி விதிப்படி என் பையில்தான் இருக்கும். ஒருநாளும் நான் அதை அவனிடம் கொடுத்ததில்லை. அவன் கேட்டதும் இல்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மூச்சு வாங்க இரண்டாம் மாடிப் படியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

வீடு கொள்ளாத கூட்டம். டீச்சரம்மா ஆணிக்காலோடு நாலு மாடி ஏறி வந்திருந்தார். தன்னிடம் சொல்லாமல் அவன் எதையுமே செய்யமாட்டான் என்று ஒரு காவலாளி அழுதார். அவனுக்கு முடிவெட்டுகிறவரும் அதையே சொன்னார். ஆளாளுக்கு அவன் உயிர் நண்பன். எனக்கு மறுபடியும் வயிறு எரிந்தது. இந்த முறை அவன்மேல் அல்ல, அவர்கள்மேல். செத்த பிறகும் அவனைப் பங்குபோட்டுக்கொள்ள எனக்கு மனமில்லை. இவர்களுக்குக் கொடுக்காத எதை எனக்குக் கொடுத்தான் என்று யோசித்துப் பார்த்தேன். அந்தச் சாவிதான் நினைவுக்கு வந்தது. அதையும் எல்லாரிடமும் கொடுத்தானோ என்னவோ.

எனக்குக் கால் முறிந்த வருஷம் இரண்டு மாதம் அவனோடு வேலை பார்த்த மெக்கானிக் வாசலில் நின்றிருந்தார். அவரைத் தனியாகக் கூப்பிட்டேன். துக்க வீட்டில் கேட்கிற கேள்வி இல்லைதான், ஆனாலும் கேட்டேன். "குழியில இறங்குறப்ப சாவிய உங்ககிட்ட குடுப்பானா?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "யாராவது குடுப்பாங்களாண்ணே? பையில போட்டு பட்டனும் போட்டுக்குவாரு. ரெண்டு தடவ தட்டிப் பாத்துட்டுத்தான் இறங்குவாரு."

அவன் சட்டைப்பைக்குப் பட்டன் இருந்தது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். இரண்டாம் மாடி வரை இறங்கினேன். அதற்குமேல் முடியவில்லை. அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

அந்த மெக்கானிக்கைத்தான் இப்போது எனக்கு ஜோடியாகப் போட்டிருக்கிறார்கள். நல்ல வேலைக்காரர், குறை சொல்ல ஒன்றுமில்லை. முதல் வேலை டீச்சரம்மாவின் கட்டடத்தில். மெக்கானிக் மெயினை அணைத்தார், பூட்டைப் போட்டு இழுத்துப் பார்த்தார், சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டார். குழி ஏணியில் ஒரு காலை வைத்தவர் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னண்ணே, ஏதாவது வேணுமா?"

அப்போதுதான் கவனித்தேன். உள்ளங்கை மேலே தெரிய, என் கை அவர் முன்னால் நீண்டிருந்தது.