காயத்தின்மேல் முடிச்சு

டென்மார்க் தேசத்துக்கே காயம் கட்டப் பழக்கியவள் நான். சரி, தேசம் என்றது கொஞ்சம் கூடிப்போயிற்று. கிரின்ஸ்டெட்டில் ஒரு முதியோர் இல்லம். கட்டுப் போட்டதும் நானல்ல, யசிந்தா. ஆனால் அவளை அங்கே கூட்டிப்போன மொழிபெயர்ப்பாளர் நான்தான்.

மன்னார் ஆஸ்பத்திரியில் பதினொரு வருடம் தாதியாக நின்றவள் அவள். 1985இல் அகதியாக உயிரைக் கொண்டுவந்து சேர்த்தாள். சான்றிதழ் ஊரிலேயே நின்றுவிட்டது. காகிதம் இல்லாதவளுக்கு இல்லத்தின் தலைவி பிர்த்த தரச் சம்மதித்தது, குசினியில் கிழங்கு உரிக்கிற வேலை.

“கிழங்கு உரிக்கவோ நான் ஊசி போடப் பழகினனான்?” என்று என் காதுக்குள் சீறினாள் யசிந்தா. அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

அப்போதுதான் பிர்த்தவின் கதிரைக்கு மேலே சுவரில் இருந்த எண்ணெய் ஓவியத்தைக் கண்டாள். பிர்த்தவின் பாட்டனார் ஸ்கொட்லாந்தில் வாங்கிய, நூறு வருடப் பழைய படம். கட்டம் போட்ட சாரத்தை மடித்துக் கட்டியதுபோன்ற உடுப்போடு ஒரு போர்வீரன் சாய்ந்து கிடக்க, ஒருத்தி அவன் கைக்குக் கட்டுப் போடுகிறாள்.

“அக்கா, முடிச்சைப் பாருங்கோ. காயத்துக்கு மேலேயே போட்டிருக்கிறாள்! கட்டுக்கு டனிஷில என்னெண்டு சொல்லுறது?”

சொன்னேன். மூன்று மாத டனிஷ் அல்லவா, அவளுக்கு நாக்குப் புரண்டுவிட்டது. ‘ஃபொர்பின்டிங்’ என்றால் கட்டு. யசிந்தா படத்தைக் காட்டி, “ஃபொர்பின்டெல்ஸ பிழை!” என்று முழங்கினாள். அதற்கு அர்த்தம், தொடர்பு.

பிர்த்தவின் முகம் சிவந்தது. “அவள் அவனுடைய தாய்!” என்று பதறினார்.

யசிந்தாவோ பிர்த்தவின் கழுத்துச் சால்வையை உருவி, அவர் கையைப் பிடித்து, மணிக்கட்டில் தொடங்கி முழங்கைவரை சுற்றினாள். ஒரு சுருக்கம் விழவில்லை. படத்தில் காயம் இருந்த பக்கத்தை விட்டு, மறுபக்கத்தில் முடிச்சை இருத்தினாள். பிறகு விரல் நகத்தை அமுக்கி, இரத்தம் திரும்புகிறதா என்று பார்த்தாள்.

பிர்த்த தன் கையைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். “நானும் தாதிதான். இருபது வருடமாக இதன் கீழேயே இருக்கிறேன், கண்ணில் படவில்லையே!” என்று வெடித்துச் சிரித்தார். “திங்கட்கிழமை ஆறரைக்கு வாருங்கள். கிழங்குக்கு அல்ல, காயங்களுக்கு.”

பஸ் வர இன்னும் ஒரு மணித்தியாலம் கிடந்தது. யார் காத்திருப்பது? வீடுவரை மூன்று கிலோமீற்றரும் மாதா பெருநாள் சுற்றுப்பிரகார ஊர்வலம்போல வீதி நடுவே நடந்தோம்.

இதை எழுதி வாசித்துக் காட்டியபோது யசிந்தா தேத்தண்ணியைக் கீழே வைத்தாள்.

“எல்லாம் சரி அக்கா. ஆனா என்ர நாக்கு ஒண்டும் புரளேல்லை. நீங்கள் சொல்லித் தந்ததைத்தான் நான் அப்பிடியே சொன்னனான்.”