கடன் அட்டைக் கையேட்டின் பதினோராம் பக்கம்

கலேவெலவில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞராக நாலு வருஷம் வேலை செய்தேன். அங்கே எல்லோரும் சிங்களவர்கள், நான் ஒருத்திதான் தமிழ். முதல் வருஷம் அது யாருக்கும் பெரிய விஷயமாக இருக்கவில்லை. மத்தியானம் பெண்கள் எல்லோரும் பின்னால் இருந்த நீள மேசையில் சாப்பாட்டுப் பார்சலைப் பிரிப்போம். கறிகள் கை மாறும். பிறகு வடக்கில் ராணுவத்துக்கும் புலிகளுக்கும் சண்டை மறுபடி தொடங்கியது. பஸ்களில் குண்டு வெடிக்க ஆரம்பித்தது. அதற்கப்புறம் நான் போய் உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடும். யாரும் என்னை ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை. என் முன்னால் எதைப் பேசுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். எனக்கும் தெரியவில்லை. ஒரு நாள் வேலை அதிகம் என்று சொல்லி என் மேசையிலேயே சாப்பிட்டேன். மறுநாள் யாரும் கூப்பிடவில்லை. அப்படியே எட்டு மாதம் போய்விட்டது.

மாத்தளை டவுனில் எங்கள் வீடு இருந்தது. அம்மாவும் அப்பாவும் காலமான பிறகு அண்ணன் குடும்பம் அதில் இருந்தது. மாதத்துக்கு ஒரு தரம் போவேன். மற்ற நாளெல்லாம் கலேவெலவில் ஒரு வீட்டின் பின்னறையில் போர்டிங். வீட்டுக்காரர்கள் நல்லவர்கள். முன்ஹாலில் டிவியில் செய்தி போகும் நேரத்தில் மட்டும் நான் அந்தப் பக்கம் போவதில்லை. அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, மாதா படம் ஒன்று.

ஒரு சம்பள நாளில் தனியார் வங்கி ஒன்றிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். கடன் அட்டை கொடுக்கிறோம், அரசாங்க ஊழியர் என்றால் சம்பளச் சீட்டு மட்டும் போதும் என்றார்கள். சில்வர், கோல்ட், பிளாட்டினம் என்று மூன்று மாதிரி அட்டைகளை மேசையில் வரிசையாக வைத்தார்கள். எல்லோரும் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். ஆளுக்கு ஒரு கையேடும் தந்தார்கள். சிங்களத்தில் ஒரு பக்கம், தமிழில் ஒன்றுமில்லை, மற்ற பதினாறு பக்கமும் இங்கிலீஷ்.

அன்று சாயந்தரம் அதை நான் முழுக்க வாசித்தேன். கன்னியாஸ்திரிகளிடம் படித்ததால் எனக்கு இங்கிலீஷ் ஓரளவு வரும். புரியாத சொல்லுக்கு அகராதி பார்த்தேன். அப்படி உட்கார்ந்து வாசிக்க அதில் என்ன இருந்தது என்று கேட்டால், ஒன்றுமில்லை. செய்ய வேறு வேலை இல்லை.

மறுநாள் பக்கத்து மேசைத் தட்டச்சுக்காரி கையேட்டோடு வந்தாள். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். கணவன் தம்புள்ளையில் இருந்து கொழும்புக்கு மரக்கறி ஏற்றும் லொறி ஓட்டுகிறவன், சொந்த லொறி. நாங்கள் பேசியதெல்லாம் சிங்களத்தில்தான். அவள் என்னை 'அக்கே' என்பாள், நான் அவளை 'நங்கி' என்பேன், தங்கச்சி என்று அர்த்தம்.

"அக்கே, இதுல என்னதான் எழுதியிருக்காங்க? வாசிச்சீங்களா?"

"வாசிச்சேன்."

"அப்ப சொல்லுங்களேன். சாப்பாட்டு நேரத்துல வாறேன். மத்தவங்களும் கேக்கணுங்கிறாங்க."

அன்று மத்தியானம் ஐந்து பேர் நாற்காலியை இழுத்துக்கொண்டு என் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒருத்தி பிஞ்சுப் பலாக்காயில் வைத்த பொலொஸ் கறியை என் பார்சலில் அள்ளி வைத்தாள். எட்டு மாதத்துக்குப் பிறகு இன்னொரு வீட்டு உப்பும் உறைப்பும் நாக்கில் பட்டது. தண்ணீர் குடித்துவிட்டு முதல் பக்கத்தை ஆரம்பித்தேன்.

சில்வர் சின்னச் சம்பளக்காரருக்கு. ஏறக்குறைய இரண்டு மாதச் சம்பளம் அளவுக்குச் சாமான் வாங்கலாம், குறித்த தேதிக்குள் முழுக்கக் கட்டிவிட்டால் வட்டி இல்லை. கோல்ட் என்றால் அந்த எல்லை இரண்டு மடங்குக்கு மேலே. வருஷக் கட்டணமும் கூட, முதல் வருஷம் மட்டும் இலவசம். பயணத்தில் விபத்து நடந்தால் காப்புறுதி உண்டு, ஆனால் டிக்கெட்டை அந்த அட்டையிலேயே வாங்கியிருக்க வேண்டும்.

"கண்டக்டர்கிட்ட கார்ட நீட்டினா பஸ்ஸ விட்டு எறக்கிடுவான்" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தோம்.

பிளாட்டினத்துக்கு விமான நிலையத்தில் தனி அறை, சோபா, இலவசச் சாப்பாடு. அதைச் சொன்னபோது கணக்குப் பிரிவில் இருந்த மூத்த அம்மா ஒருவர், "என் தங்கச்சி குவைத்துக்குப் போனப்ப கட்டுநாயக்கா ஏர்போட்டுக்குப் போனேன். உள்ள விடல. கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு கை காட்டிட்டு வந்தேன்" என்றார். பிறகு அவரே, "சரி, அடுத்தத வாசிங்க" என்றார்.

இப்போது ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். ஒரே நாளில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். பத்து நிமிஷத்து வேலை. நான் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று வைத்துக்கொண்டேன். கோல்டுக்குக் கடைகளில் கிடைக்கும் விலைக் கழிவுகள் ஒரு நாள், புள்ளி சேர்ப்பது ஒரு நாள், குடும்பத்தில் இன்னொருவருக்குத் துணை அட்டை எடுப்பது ஒரு நாள். பக்கம் முடிந்தால் அவர்கள் நீள மேசைக்குத் திரும்பிவிடுவார்கள் என்று பயந்தேன். பதினோராம் பக்கம் கஷ்டமான பக்கம். அட்டையைப் போட்டுக் காசாக எடுத்தால் வட்டியில்லாத அந்தச் சலுகை நாட்கள் கிடையாது, எடுத்த அன்றே வட்டி ஓட ஆரம்பிக்கும். மாதாமாதம் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் கடன் கரையவே கரையாது. இதையெல்லாம் முதல் சாயந்தரமே வாசித்துவிட்டேன். ஆனால் அதைச் சொன்னால் ஆசை விட்டுப்போகும், கூட்டமும் கலைந்துபோகும். கடைசியில் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டேன்.

வங்கிப் பெண்கள் நான் எதிர்பார்த்ததற்கு முன்னாலேயே திரும்பி வந்தார்கள். தட்டச்சுக்காரி படிவத்தோடு என்னிடம் ஓடி வந்தாள்.

"அக்கே, சில்வரா, கோல்டா? அவரோட லொறி வருமானத்தயும் சேத்துக் காட்டினா எனக்கு கோல்ட் குடுக்கலாமாம்."

"ஒனக்கு சில்வரே போதும், நங்கி" என்றேன். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். சுற்றி நின்றவர்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைச் சிரிக்க வைக்க வேண்டும் போல இருந்தது. "ஆனா தங்கம் தங்கந்தானே, வெள்ளி வெள்ளிதானே" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் கோல்டில் அடையாளம் போட்டுக் கையெழுத்து வைத்தாள்.

நான் சில்வர் எடுத்தேன். படிவத்தில் துணை அட்டை யாருக்கு என்று ஒரு கோடு இருந்தது. பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தேன். எழுதுவதற்கு ஒரு பெயர் இல்லை. வெறுமையாக விட்டுக் கொடுத்தேன். அட்டை வந்த பிறகு மாத்தளையில் ஒரு ஜோடிச் செருப்பு வாங்கினேன். வேறு என்ன வாங்குவது என்று தெரியவில்லை.

பதினோராம் பக்கத்தை அடுத்த வாரம் வாசித்துச் சொன்னேன். அப்போது அட்டை கிடைத்த சந்தோஷத்தில் இருந்ததால் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தட்டச்சுக்காரி அன்று லீவு.

நாலைந்து மாதம் கழித்து ஒரு நாள் எல்லோரும் போன பிறகு அவள் என் மேசைக்கு வந்து, கைப்பையில் இருந்து மடித்த கடிதங்களை எடுத்து வைத்தாள். வங்கியில் இருந்து வரும் மாதக் கணக்குகள். லொறியின் இஞ்சின் உடைந்திருக்கிறது. தம்புள்ளையில் மெஷினில் அட்டையைப் போட்டு மூன்று தடவை காசு எடுத்துக் கணவனிடம் கொடுத்திருக்கிறாள். மாதாமாதம் குறைந்தபட்சத் தொகையை ஒழுங்காகக் கட்டியும் இருக்கிறாள்.

"நான் ஒழுங்காத்தானே கட்டுறேன் அக்கே. ஏன் கொறயவே மாட்டேங்குது?"

கணக்கைப் பார்த்து மெதுவாக விளங்கப்படுத்தினேன். அவள் முகம் வெளுத்துப் போனது. கடிதங்களை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்து அவள் கணவன் அலுவலகத்துக்கே வந்தான். வாசலில் நின்று சத்தம் போட்டான். "இந்தத் தமிழ் மிஸ்தானே கோல்ட் நல்லதுன்னு சொன்னது? நம்ம ஆக்கள ஏமாத்தத்தானே இங்க வந்து ஒக்காந்திருக்காங்க?" அவள் அவன் கையைப் பிடித்து இழுத்தாள். யாரும் எனக்காகப் பேசவில்லை. எனக்கெதிராகவும் பேசவில்லை. கொஞ்ச நேரத்தில் தலைமை எழுதுவினைஞர் என்னைக் கூப்பிட்டு, "மிஸ், இனி ஆபீஸ்ல இந்தக் கார்டுப் பேச்சு வேணாம். காலம் சரியில்லன்னு ஒங்களுக்கே தெரியும்" என்றார். அன்றிலிருந்து என் மேசை பழையபடி ஆனது.

அவன் சொன்னதில் பாதி அநியாயம். மற்ற பாதி என்னைத் தூங்கவிடவில்லை. ஒரு வாரம் யோசித்துவிட்டு, வங்கியின் மாத்தளைக் கிளைக்குப் போய்ப் பேசினால் கடனை மாதத் தவணையாக மாற்றித் தருவார்கள் என்று ஒரு தாளில் எழுதி, வெள்ளிக்கிழமை லீவு போடுகிறேன், காலை பஸ்ஸில் வா என்றும் எழுதி அவள் தட்டச்சு மெஷினுக்கு அடியில் வைத்தேன். பதில் இல்லை. வெள்ளிக்கிழமை பஸ் ஸ்டாண்டில் தனியாக நின்றேன். பஸ் புறப்படுகிற நேரத்தில் ஓடி வந்து ஏறினாள். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

நாலந்தை ஊருக்குக் கொஞ்சம் முன்னால் ராணுவச் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். மற்றவர்களின் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். என்னுடையதை மட்டும் வாங்கிக்கொண்டு ஓரமாக நிற்கச் சொன்னார்கள். எங்கே போகிறாய், ஏன் போகிறாய், கலேவெலவில் உனக்கு என்ன வேலை. பஸ் ஹோர்ன் அடித்தது. கண்டக்டர் தகரத்தில் தட்டினான். அவள் ஏறாமல் படிக்குப் பக்கத்தில் வெயிலில் நின்றாள்.

"நோனா, ஏறுங்க. நேரம் போகுது."

"அவங்க வரட்டும்."

"அவங்க அடுத்த பஸ்ல வருவாங்க."

"அப்ப நானும் அடுத்த பஸ்லயே வாறேன். என் பையைத் தாங்க."

கண்டக்டர் முணுமுணுத்துக்கொண்டு காத்திருந்தான். கால் மணி நேரத்தில் என்னை விட்டார்கள். பஸ்ஸில் இருந்த எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வங்கியில் இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார்கள். அதிகாரி கொழும்புக்குப் போன் எடுத்துப் பேசினார். கடைசியில் மிச்சக் கடனைக் குறைந்த வட்டியில் இருபத்துநாலு தவணையாக்கினார்கள். கோல்டை ரத்துச் செய்ய வேண்டும் என்றார். அவள் அட்டையை எடுத்துக் கொடுத்தாள். அவர் கத்தரியால் இரண்டாக வெட்டிக் குப்பைக் கூடையில் போட்டார். அவள் பெரிதாக ஒரு மூச்சு விட்டாள்.

வெளியே வந்ததும், "வீடு கிட்டத்தான், நங்கி. ஒரு பிளேன்டீ குடிச்சிட்டுப் போகலாமே" என்றேன்.

"பிள்ள ஸ்கூல் விட்டு வந்திரும் அக்கே. அவருக்கும் நான் எங்க போனேன்னு தெரியாது."

அவள் தம்புள்ளை பஸ்ஸில் ஏறினாள். நான் மாரியம்மன் கோயில் வீதி வழியாக நடந்து வீட்டுக்குப் போனேன். அண்ணி கதவைத் திறந்து, "என்ன, இந்த நாள்ல?" என்று கேட்டார். சும்மா என்றேன்.

அவள் எல்லாத் தவணையும் கட்டி முடித்தாள். வேலை மேசையில் என்னோடு சாதாரணமாகப் பேசுவாள். மத்தியானத்தில் மற்றவர்களோடு போய் உட்காருவாள். அதில் எனக்குக் கோபம் இல்லை. அவள் அங்கே வாழ வேண்டியவள். சண்டை முடிகிற வருஷம் எனக்கு மாத்தளைக்கு இடமாற்றம் கிடைத்தது.

மாற்றலாகி வந்து சில மாதத்துக்குப் பிறகு அவள் எனக்குப் போன் எடுத்தாள். மகளை மாத்தளையில் ஒரு நல்ல ஸ்கூலில் சேர்க்க முடியுமா, படிவம் எங்கே வாங்குவது என்று கேட்டாள். விசாரித்துச் சொல்வதாகச் சொன்னேன். பேச்சு முடிகிற இடத்தில், "நங்கி, ஒண்ணு சொல்லணும்" என்றேன். நீ கையெழுத்து வைக்கும் முன்பே அந்தப் பதினோராம் பக்கத்தை நான் வாசித்திருந்தேன் என்பதைச் சொல்லத்தான்.

"சொல்லுங்க அக்கே."

தூரத்தில் அந்தப் பிள்ளை எதையோ கேட்டு அழுகிற சத்தம் வந்தது. அவள் போனை மறந்து, "இரு, இரு, வாறேன்" என்று அதனோடு பேசினாள்.

"ஒண்ணுமில்ல" என்றேன். "பிள்ளயப் பாரு."

படிவத்தை மறுநாளே தபாலில் அனுப்பினேன். பிள்ளைக்கு இடம் கிடைக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.