"ஓடாதே" என்று சொல்லாத நாள்

ஆலைப் புகை சூழ்ந்த எண்ணூரில் எங்கள் வீட்டில் அதிகம் ஒலிக்கும் சொல் "ஓடாதே". என் மகளுக்குப் பத்து வயது. கொஞ்சம் ஓடினாலே இழுப்பு வந்துவிடும்.

போன மாதம் ஊத்துக்கோட்டை தாண்டி ஒரு காட்டுக்குப் போனோம். காரை விட்டு இறங்கியதுமே அவள் மரங்களுக்கு நடுவே ஓடத் தொடங்கினாள். கையில் இன்ஹேலருடன், "ஓடாதேடி!" என்று கத்திக்கொண்டே நானும் பின்னால் ஓடினேன்.

"வுடுமே, ஓடட்டும். இங்க இன்னா லாரியா வருது?" என்று சிரித்தார் என் கணவர்.

மூச்சு வாங்கி நின்றது நான்தான். அவள் திரும்பி வந்து, "இன்னிக்கு வரவே இல்லம்மா, கேட்டுப் பாரேன்" என்று என் தலையை இழுத்துத் தன் நெஞ்சில் வைத்தாள். அந்த விசில் சத்தமே இல்லை. நம்ப முடியாமல் மறுபடியும் காதை வைத்துக் கேட்டேன். இத்தனை நாள் கோளாறு அவள் உடம்பில் என்றல்லவா நினைத்திருந்தேன்!

அவருக்கு ஹார்பரில் வேலை. இருக்கும் ஒரே வீடும் எண்ணூரில். எங்கே போவோம்?

திரும்பும்போது மாதவரம் வந்து லாரிப் புகை தொடங்கியதும், "நைனா, கண்ணாடிய ஏத்து" என்றாள். பிறகு என்னிடம் கையை நீட்டினாள். இன்ஹேலரைக் கொடுத்தேன்.

வீட்டு மாடிப்படியில் தானாகவே மெதுவாக ஏறினாள். "ஓடாதே" என்று சொல்ல எனக்கு இப்போது வாய் வருவதில்லை. அவளும் ஓடுவதில்லை.